லிட்டருக்குப் பதிமூன்றரை

நாசருக்கு ஊரில் யார் மேலும் பொறாமை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாடி எழுப்பியபோது, குடிபோன அன்றைக்கு முதல் ஆளாகப் போய் நின்று பந்தி பரிமாறிவிட்டு வந்தவன் அவன். கூடப் படித்தவன் துபாயில் சொந்தக் கம்பெனி தொடங்கியிருக்கிறான் என்று கேள்விப்பட்டு, நல்லா இருக்கட்டும் என்று மனசாரச் சொன்னவன். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குக் கட்டின பெண்டாட்டி மேல், அதுவும் அவளுடைய வலது கால் மேல் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா? வந்தது. சும்மா வரவில்லை, தின்ற சோறு செரிக்காத அளவுக்கு வந்தது.

சங்கதி இதுதான். தென்காசியில் போர் வீல் வண்டி வைத்திருக்கும் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு தரம் நெடுந்தூரம் கிளம்பிவிடும். ஒரு வருஷம் கட்ச், ஒரு வருஷம் ஸ்பிதி. இந்தத் தடவை லடாக். குற்றாலத்தில் சாரல் சீசன் முடிந்ததும் புறப்பாடு. லேயில் டாங்கை நிரப்பிக்கொண்டு ஹான்லே, உம்லிங் லா என்று எல்லையை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி லே வந்து சேர எண்ணூறு கிலோமீட்டர் ஆகும். நடுவில் எங்கேயாவது பங்க் இருக்கலாம். இருந்தால் அதில் டீசல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை நம்பி ஒருத்தன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு உயரத்துக்குப் போக முடியுமா? ஆகவே மொத்த டீசலும் கையோடு இருக்க வேண்டும். எந்த வண்டி எத்தனை கேன் சுமக்க வேண்டும் என்று இங்கிருந்தே முடிவுகட்டிவிட வேண்டும்.

முடிவுகட்டுகிறவர் இசக்கிராஜா. ராணுவத்தில் வண்டிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, ஐந்தருவி ரோட்டில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். எண்ணெய்க் கணக்கு என்று வந்துவிட்டால் கூடப்பிறந்த தம்பியைக்கூட நம்ப மாட்டார். கம்பெனிக்காரன் சொல்லும் மைலேஜ், டாஷ்போர்டு காட்டும் மைலேஜ், சொந்தக்காரன் வாயால் சொல்லும் மைலேஜ், மூன்றும் அவரிடம் செல்லாது. "கம்பெனிக்காரன் சொல்லுதது மாப்பிள்ளை வீட்டுப் பொய், நீங்க சொல்லுதது பொண்ணு வீட்டுப் பொய்" என்பார்.

அவருக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். செங்கோட்டை ரோட்டில் ஒரே பங்க், அதிலும் ஒரே பம்பு. நாசில் தானாக டக் என்று நின்றதும் நிறுத்திவிடக் கூடாது. நாலு பேர் சேர்ந்து வண்டியை இடமும் வலமும் பிடித்துக் குலுக்கி, உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும் காற்றை வெளியேற்றி, டீசல் கழுத்துக்கு வந்து பளபளக்கும்வரை ஊற்ற வேண்டும். கடையத்தில் ரைஸ்மில் வைத்திருக்கும் வல்லிநாயகம் அரிசி மூட்டை அனுப்புவான். பயணச் சாமான் என்ன எடை இருக்குமோ அந்த எடைக்கு மூட்டைகளை ஏற்ற வேண்டும். அப்புறம் புளியரை வழியாக மலை ஏறி, ஆரியங்காவு தாண்டி, புனலூர் போய்த் திரும்பி வந்து, அதே பம்பில் அதே மாதிரி குலுக்கி நிரப்ப வேண்டும். ஏறுகிற டீசல்தான் உண்மை. பில்லைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் அவர் வகுத்துச் சொல்வார். வளர்ந்த ஆண்கள் நாலு பேர் காரைப் பிடித்து ஆட்டுவதைப் பார்க்கும் லாரிக்காரர்கள், "என்னண்ணே, பேய் ஓட்டுதியளா" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரே வண்டியை இரண்டு பேர் ஓட்டுவதாக இருந்தால் இரண்டு பேரும் தனித்தனியாக ஓடிக் காட்ட வேண்டும். யாருக்கு நல்ல எண் வருகிறதோ அவர்தான் பங்க் இல்லாத பாதையில் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், கேன் கணக்கும் அவர் எண்ணை வைத்துத்தான். இதில் அண்ணன் தம்பி, புருஷன் பெண்டாட்டி பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

நாசர் பதினாறு வருஷம் சவூதியில் வண்டி ஓட்டிப் பிழைத்தவன். எண்ணெய்க் கிணறுகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கொண்டுபோகிற வேலை. தார் ரோடு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில்தான் அவனுக்கு வேலையே தொடங்கும். அங்கே டீசல் தண்ணீரைவிட மலிவாகக் கிடந்த காலம். ஏன் மிதித்தாய் என்று கேட்க நாதியில்லை. நாலு வீலும் இழுக்காத வண்டி அவன் கணக்கில் வண்டியே இல்லை. அதனால்தான், மீன் வாங்கவும் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் சின்னதாக ஒரு கார் இருந்தால் தேவலை என்று மனைவி பர்சானா கேட்டபோது, போர் வீல் போட்ட டீசல் ஸ்கார்பியோ ஒன்றை அங்கிருந்தபடியே புக் செய்து வாசலில் இறக்கினான். தெருவே கூடி நின்று பார்த்தது. மீன் வாங்க ஸ்கார்பியோ. பர்சானா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கற்றுக்கொண்டாள். லீவில் வருகிற நாட்களில் நாசர் ஓட்டுவான், மிச்ச நாளெல்லாம் அவள் ஓட்டுவாள். போன வருஷம் அவன் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பி, பாத்ரூம் பிட்டிங்ஸ் கடை போட்டான். சாவியும் அவன் கைக்கு வந்தது.

சோதனை ஓட்டத்தில் நாசர்தான் முதலில் போனான். வந்த எண் பதினொன்று. "மலைப்பாதைக்கு இது தாராளம்வே" என்று வல்லிநாயகம் முதுகில் தட்டிக்கொடுத்தான். நாசரும் அப்படித்தான் நினைத்தான்.

மறுநாள் பர்சானா போனாள். துணைக்கு இசக்கிராஜாவின் மனைவி ரெங்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். திரும்பி வந்தபோது பங்கில் எல்லோரும் காத்திருந்தார்கள். நாசில் நின்றது. குலுக்கினார்கள். ஊற்றினார்கள். எட்டரை லிட்டரில் டீசல் கழுத்தைத் தொட்டுவிட்டது. நாசரும் கூடச் சேர்ந்து குலுக்கினான். மற்றவர்களைவிட அதிகமாகவே குலுக்கினான். ஒரு அரை லிட்டர், ஒரு கால் லிட்டராவது இன்னும் உள்ளே போகாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினான். போகவில்லை. வழிந்து அவன் செருப்பில்தான் ஊற்றியது.

லிட்டருக்குப் பதிமூன்றரை.

"ஒரே வண்டி, ஒரே மூட்டை, ஒரே ரோடு" என்று இசக்கிராஜா மீசையைத் தடவிக்கொண்டார். "தங்கச்சி ஓட்டுனா, மேல உள்ள குளிருக்கும் ஏத்தத்துக்கும் மூணுல ஒரு பங்கு கழிச்சாலும் ஒம்பது வரும். எண்ணூறு கிலோமீட்டருக்கு டாங்க் அறுவது லிட்டரும் இருவது லிட்டர் கேன் ரெண்டும் போதும். நீ ஓட்டுனா ஏழு சொச்சந்தான் வரும் நாசரு. மூணு கேன் வேணும். அதனால லே வரைக்கும் நீ ஓட்டு. பங்க் இல்லாத பாதைய அவ ஓட்டட்டும்."

"வே, நீரு பேசாம பாட்டு மாத்துற வேலையப் பாரும்" என்றான் வல்லிநாயகம். எல்லோரும் சிரித்தார்கள். பர்சானா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நாசரும் சிரித்தான். சிரிக்காவிட்டால் அது வேறு கேவலம்.

ஆனால் அவனுக்கு லே வரைக்கும் ஓட்டுவதா பெரிசு? பங்க் உள்ள தார் ரோட்டில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். பத்தொன்பதாயிரம் அடி உயரத்தில், உம்லிங் லாவின் உச்சியில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே போட்டு ஒரு படம். அதற்காகத்தான் அவன் இந்தப் பயணத்துக்கே ஒத்துக்கொண்டான். சவூதியில், தம்மாமில் கூட வேலை பார்த்த அத்தனை பேரிடமும் சொல்லியாகிவிட்டது. இப்போது அந்தப் படத்தில் அவன் எங்கே உட்காருவான்? இடது பக்கம். மடியில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு.

அன்றிலிருந்து பிடித்தது. மீன் குழம்பில் உப்பில்லை என்றான். இருந்தது. கதவை ஏன் இப்படி அடிக்கிறாய் என்றான். அவள் அடிக்கவில்லை, காற்று அடித்தது. கடைக்கு டைல்ஸ் பசை வாங்க வந்தவன்கூட, "பதிமூன்றரை அடிச்ச அக்கா உங்க வீட்டுலதானாமே அண்ணாச்சி" என்று விசாரித்தான். வல்லிநாயகத்தின் வாய் அப்படி. டீசல் போடப் போனால், பம்பில் நிற்கும் சுடலைமணி, "அக்கா வரலியா அண்ணே" என்கிறான். நேற்று வரை இவன்தானே அண்ணன், இப்போது அக்காவுக்குப் புருஷனாகிவிட்டான்.

அவள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து காலையே பார்த்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டினாள். ஆகா, இதுதானா சூட்சுமம் என்று அவனும் செருப்பைக் கழற்றிப் பார்த்தான். உள்ளங்கால் அரித்ததுதான் மிச்சம். டயருக்குக் காற்று ஏற்றினான், ஏர் பில்டர் மாற்றினான், பின்னால் கிடந்த பழைய ஸ்டெப்னி கவரைக்கூட எடுத்து எறிந்தான். எதுவும் ஆகவில்லை. அவள் கையில் இருக்கும்போது வண்டி சத்தமே போடுவதில்லை. அவன் ஏறினால் உறுமுகிறது. அவன் வாங்கின வண்டி. அவன் வேர்வை. ஆனால் அதற்கு அவளைத்தான் பிடித்திருக்கிறது. கல்யாணமான புதிதில்கூட அவன் இப்படி ஒரு சந்தேகத்தில் தூக்கம் கெட்டதில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் இசக்கிராஜாவிடம் போய் நின்றான். "அண்ணாச்சி, அன்னைக்குக் கிளட்ச்சு கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. இன்னொரு தரம் ஓடிக் காட்டுதேன்."

"ஓடு. பில்லைப் போட்டுவிடு" என்றார் அவர். அந்தக் குழுவில் அதுவரைக்கும் யாரும் பில்லில் பொய் சொன்னதில்லை. அதனால் கூட ஆள் அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நாசர் ஓடினான். போகும்போது ஏற்றத்தில் பூனை மாதிரி ஏறினான். பின்னால் வந்த கேரளா பஸ் ஆரன் அடித்தே ஓய்ந்துபோனது. திரும்பி வரும்போது, ஆரியங்காவில் இருந்து புளியரைக்கு இறங்குகிற இறக்கத்தில், பழைய லாரிக்காரர்கள் செய்கிற மாதிரி நியூட்ரலில் தள்ளிவிட்டான். இந்தக் காலத்து டீசல் வண்டியைக் கியரில் போட்டு இறக்கினால் இஞ்சினுக்கு டீசலே போகாது, நியூட்ரலில் விட்டால்தான் குடிக்கும். இது அவனுக்குத் தெரியாதா? இசக்கிராஜா நூறு தரம் சொல்லியிருக்கிறார். ஆனால் எரிகிற வயிற்றோடு இறங்குகிறவன் காதில் எது ஏறும்? வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து, புளியரை செக்போஸ்ட் வந்தபோது வீலில் இருந்து கருகல் வாடை வந்தது.

பங்கில் நாசில் டக் என்று நின்றது. மீட்டரில் எட்டு லிட்டர் சொச்சம்.

"ஆள் கூப்பிடட்டாண்ணே? குலுக்கணும்லா" என்றான் சுடலைமணி.

நாசர் சுற்றும் முற்றும் பார்த்தான். குழுவில் ஒருத்தரும் இல்லை. மீட்டரைப் பார்த்தான். அந்த எட்டு லிட்டர் சொச்சத்தின் அழகு அவனை என்னவோ செய்தது. "வேண்டாம்லே, நேரமாச்சு. பில்லைப் போடு" என்றான்.

குழுவில் பில் போனது. இசக்கிராஜா வகுத்துப் போட்டார். பதினான்கு. வல்லிநாயகம் கைதட்டுகிற பொம்மைகளாக அனுப்பித் தள்ளினான். சாயங்காலம் இசக்கிராஜா கூப்பிட்டு, "கால் பழகிட்டுபோலலே" என்றார். "பழகிட்டு அண்ணாச்சி" என்றான் நாசர். "சரி. ஒன் எண்ணு இப்போ தங்கச்சியோட பதிமூன்றரையையும் தாண்டிட்டு. ரெண்டு கேனே போதும். பாதைய நீயே ஓட்டு."

போனை வைத்துவிட்டுப் பர்சானாவின் முகத்தைப் பார்த்தான். கொஞ்சமாவது வாடும் என்று எதிர்பார்த்தான். அவளோ, "நல்லதாப் போச்சு மச்சான். நான் நிம்மதியா மலையப் பாத்துக்கிட்டு வருவேன்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். நாசருக்கு எரிச்சல் இரண்டு மடங்காயிற்று. தோற்றவள் தோற்ற மாதிரி இருக்க வேண்டாமா? அவளுக்கு வேண்டாத ஒன்றைப் பறிக்கவா இவன் திருடினான்?

அந்த வாரக் கடைசியில் பர்சானா ஒரு கல்யாண வீட்டுக்காக வண்டியை எடுத்துக்கொண்டு இலத்தூர் போய்விட்டு வந்தாள். மத்தியானம். நாசர் வாசலில் உட்கார்ந்து, கேன் வைக்கிற இரும்புச் சட்டத்தில் மூன்றாவது கேனுக்கான இடத்தை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தான். எடை குறையுமே.

அவள் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். "மச்சான், வரும்போது டீசல் போட்டேன்."

"இலத்தூருக்குப் போயிட்டு வாரதுக்கு எதுக்குட்டி டீசலு?"

"எப்பவும் போடுததுதானே. பையனுவளக் கூப்பிட்டுக் குலுக்கி நிரப்புனேன். நாலு லிட்டர் கிட்ட ஏறுது. ஒண்ணரைதான் ஏறணும்."

நாசர் அறுப்பதை நிறுத்தவில்லை. "எங்கனயாவது ஒழுகும்."

அவள் அப்படியே சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து, கல்யாணத்துக்குக் கட்டிய புடவையோடு வண்டிக்கு அடியில் போனாள். போன் லைட்டை அடித்து ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். கையை விரித்துக் காட்டினாள். சுத்தமாக இருந்தது.

"அப்போ பங்க்காரன் மீட்டர்ல விளையாடுதான்."

"அதே பம்புதான் மச்சான்." அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்க அன்னைக்குக் குலுக்கலன்னு சுடலைமணி சொன்னான். தெரியாமத்தான் சொன்னான், அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. நான் யாருட்டயும் சொல்லல. ஆனா ரெண்டு கேன வச்சு நீங்க ஓட்டுனா எழுவது கிலோமீட்டர் கொறையுது. அங்கன நின்னுபோனா என்ன செய்ய? அடுத்தவங்க கேன்லருந்துதான் ஊத்தணும். அவங்களுக்கும் பத்தாமப் போகும்."

நாசர் இரும்பு அறுக்கிற ரம்பத்தைக் கீழே போட்டான். அது தெறித்து விழுந்தது. பிடிபட்டவனுக்கு வெட்கம்தானே வர வேண்டும்? வரவில்லை. இத்தனை நாள் உள்ளே கிடந்து புகைந்தது மொத்தமும் வாய் வழியாக வந்தது.

"ஆமா, குலுக்கல. திருட்டுத்தனந்தான். என்னங்கிற இப்போ? நான் வெயில்ல கெடந்து வாங்குன வண்டி இது. பதினாறு வருசம் இந்தக் காலாலதான் ஒனக்குச் சோறு போட்டேன். எனக்குத் தெரிஞ்சது ஒத்தத் தொழிலு. அதுலயும் நீ என்னைய முந்திட்டுப் போணுமா? ஊரே ஒன்னையப் பத்தியே பேசுது. எனக்குப் பொறுக்கல. போதுமா? பொறுக்கல." மூச்சு வாங்கியது. "நீ எங்கன படிச்ச இத? யாரு ஒனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. மாமியாலதான்."

மாமி என்றால் நாசரின் உம்மா ஹைருன் பீவி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மவுத்தாகிவிட்டாள். நாசருக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. "வெளையாடுதியா? உம்மாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது."

பர்சானா முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "கடைசில மாமிக்குப் புத்துநோய் எலும்புக்கு வந்துட்டுல்லா மச்சான். வாரா வாரம் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் பின் சீட்டுல படுக்க வச்சுத்தான் கூட்டிட்டுப் போவேன். பிரேக் போட்டா யா அல்லான்னு ஒரு சத்தம் போடுவாவ. சடார்னு எடுத்தாலும் அதே சத்தம். மொத நாளு ஆலங்குளம் போறதுக்குள்ள நான் அழுதுட்டேன், வண்டிய ஓரங்கட்டிட்டு ரெண்டு பேரும் அழுதோம். அப்புறம் பிரேக்கே போடாம ஓட்டிப் பழகுனேன். முன்னாடி போற பஸ்ஸு நிக்கப் போவுதுன்னு தூரத்துலயே தெரிஞ்சா காலை எடுத்துருவேன். வண்டி தானாப் போயித் தானா நிக்கும். மாமி தூங்கிட்டாவன்னா அன்னைக்கு நல்லா ஓட்டிருக்கேன்னு அர்த்தம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுக்கு மைலேஜுன்னு பேருன்னு இசக்கி அண்ணாச்சி சொல்லித்தான் எனக்கே தெரியும்."

நாசருக்குத் தெரியாத சங்கதி இல்லை. வாரா வாரம் திருநெல்வேலி போய்வருகிறார்கள் என்று அவனும் போனில் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். உம்மா எப்படி இருக்காவ என்பான். இருக்காவ என்பாள் பர்சானா. சரி என்று வைத்துவிட்டு அவன் மணலில் வண்டியை விரட்டப் போய்விடுவான். எப்படிப் போகிறார்கள், யார் எந்த சீட்டில் என்றெல்லாம் கேட்டதில்லை. வண்டிதான் இருக்கிறதே, போர் வீல் வண்டி. அது போதும் என்று இருந்துவிட்டான். கடைசியில் டிக்கெட் கிடைத்து அவன் வந்து சேர்ந்தபோது கபர் மேல் மண் காய்ந்திருந்தது.

அவன் கீழே கிடந்த ரம்பத்தை எடுத்து ஓரமாக வைத்தான். அவள் உள்ளே போகத் திரும்பினாள்.

"நில்லுட்டி" என்றான். எழுந்து போய் வண்டியின் பின் கதவைத் திறந்தான். உள்ளே ஏறி, காலை மடக்கி, பின் சீட்டில் படுத்துக்கொண்டான். "அண்ணாச்சி வீட்டுக்கு விடு."

"நீங்க எதுக்கு அங்கன போயி..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

சனிக்கிழமை. சீசன் கூட்டம். படுத்திருந்த நாசருக்கு ரோடு தெரியவில்லை. ஜன்னலில் மின்சாரக் கம்பிகளும் மரங்களின் உச்சியும் கடைப் பலகைகளின் மேல்பாதியும்தான் நகர்ந்தன. சத்தம் மட்டும் கேட்டது. வேன்காரன் ஆரன் அடிக்கிறான். ஈரத் துண்டோடு ரோட்டைக் கடக்கிற கூட்டம் கத்திக்கொண்டு போகிறது. சிப்ஸ் கடைக்காரன் கூப்பிடுகிறான். நாசர் சீட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இப்போது பிரேக் போடுவாள். போடாமல் எப்படி முடியும்? இதோ, பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தாயிற்று, இங்கே போட்டே ஆக வேண்டும். ஒரு குலுக்கல் வரட்டும், உன் பதிமூன்றரை லட்சணம் இதுதானா என்று கேட்கிறேன் என்று மனசு இன்னும் அடம்பிடித்துக்கொண்டுதான் இருந்தது. வரவில்லை. ஆரன் சத்தம் ஓய்ந்தது, வண்டி மெதுவாகியிருந்தது, மறுபடி கம்பிகள் வேகமாக நகர்ந்தன. எப்போது மெதுவானது, எப்போது எடுத்தாள் என்று அவன் உடம்புக்குத் தெரியவில்லை.

விளிம்பைப் பிடித்திருந்த கை தானாக விட்டுப்போனது.

அப்போதுதான் அவனுக்கு உம்மா மேல் பொறாமை வந்தது. மண்ணுக்குள் போய்விட்டவள் மேல் ஒரு மகனுக்கு வரக் கூடாதுதான், ஆனாலும் வந்தது. அவ்வளவு வலியிலும் ஒருத்தியின் காலை நம்பித் தூங்கிக்கொண்டு போயிருக்கிறாள். உனக்கு இதற்கு மேல் ஆகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று, வாய் திறந்து சொல்லாமல், ஒருத்தி ஆலங்குளம் வழியாக அவளை வாரா வாரம் ஏந்திக்கொண்டு போயிருக்கிறாள். பதினாறு வருஷமாக நாசரை எவரும் அப்படி எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை. அவனும் எவரையும் அப்படிக் கொண்டுபோனதில்லை. அந்தப் பின் சீட்டில் உம்மா கிடக்க, முன் சீட்டில் தான் இல்லாமல் போன நாட்களை எந்தப் பம்பில் நிற்கவைத்துக் குலுக்கி நிரப்புவது? அவன் முகத்தை சீட்டுக்குள் திருப்பிக்கொண்டான்.

பின் கதவு திறந்த பிறகுதான் வண்டி நின்றதே அவனுக்குத் தெரிந்தது. பர்சானா குனிந்து, ஒரு கையை அவன் கழுத்துக்கு அடியிலும் இன்னொன்றை முதுகுக்கு அடியிலும் கொடுத்து, மெல்லத் தூக்கப் பார்த்தாள். பிறகுதான் யாரைத் தூக்குகிறோம் என்று அவளுக்கு நினைவு வந்தது. கையை எடுக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். நாசர் அந்தக் கையிலேயே எழுந்து உட்கார்ந்தான்.

சத்தம் கேட்டு இசக்கிராஜா வாசலுக்கு வந்தார். "என்னலே, ஒடம்புக்கு என்ன?" என்றார்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. என் எண்ணு பதினொண்ணுதான். அன்னைக்குக் குலுக்காம பில்லு போட்டேன்." அவன் கண்ணைத் துடைக்கவில்லை. "பர்சானாவே ஓட்டட்டும். அவ எண்ணுக்கு ரெண்டு கேன் போதும்ல?"

இசக்கிராஜா அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ராணுவத்தில் பொய்க் கணக்குக் கொடுத்தவனை என்ன செய்வார்கள் என்று அவர் அடிக்கடி சொல்வதுண்டு. அதைச் சொல்லவில்லை. "போதும்" என்றார். "அப்போ நீ அங்கன என்ன செய்வ?"

"நான் பின்னாடி படுத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்றான் நாசர்.

வல்லிநாயகமாக இருந்தால் சிரித்திருப்பான். இசக்கிராஜா சிரிக்கவில்லை. உள்ளே வாங்க என்று இரண்டு பேரையும் கூப்பிட்டுவிட்டு, காபி போடச் சொல்லி ரெங்கம்மாளுக்குக் குரல் கொடுத்தார்.